விடியலுக்கு முன் அணைந்த கேமராக்கள்: பாலிக் புலாவ் தோட்ட வீட்டு சோலார் மேம்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் மலைச்சரிவில் உள்ள ஒரு டுரியான் தோட்டத்தில் நடந்தது இது. டி.என்.பி. (மின்விநியோக நிறுவனம்) மின்கம்பி அடிவாரச் சாலையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தோட்ட வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில்தான் ஏற வேண்டும். கம்பம் நட்டு மேலே மின்சாரம் கொண்டுபோக ஆகும் செலவைக் கேட்டபின் உரிமையாளர் அந்த யோசனையை விட்டுவிட்டார். அவர் ஓய்வுபெற்றவர், ஜார்ஜ்டவுனில் குடியிருக்கிறார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு தம்பதி. பலகைச் சுவரும் தகரக் கூரையுமான சிறிய வீட்டில் ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கிறார்கள்.

மலேசியத் தோட்டங்களில் டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ வேண்டும், விழுந்ததைப் பொறுக்க வேண்டும். இரவில் விழுந்த பழத்தை விடிவதற்குள் எடுக்காவிட்டால் காட்டுப்பன்றி முந்திக்கொள்ளும். சில இரவுகளில் மனிதர்களும் முந்திக்கொண்டார்கள். ஆங் ஹே, ஹோர் லோர் போன்ற நல்ல ரகம் விழும் மரத்தடியில் ஒரே இரவில் போகிற பழம் சிறு தோட்டக்காரருக்குச் சின்ன இழப்பு இல்லை. அதனால்தான் அங்கே விளக்கைவிடக் கேமராவுக்கு மின்சாரம் தேவைப்பட்டது.

முதல் சோலார் அமைப்பு 2017இல் போடப்பட்டது. கூரைமேல் 150 வாட் பேனல் இரண்டு, 20 ஆம்ப் பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் (பேனலை நேராக பேட்டரியோடு இணைத்துத் துண்டித்துச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் எளிய வகை, வோல்ட்டை மாற்றித் தராது), 12 வோல்ட் 100 ஆம்ப்-மணி ஈய பேட்டரி இரண்டு, 1000 வாட் மலிவு இன்வெர்ட்டர். மூன்று விளக்கு, ஒரு காற்றாடி, கைப்பேசி சார்ஜ் என்ற அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டு கேமராவும் 4ஜி ரவுட்டரும் சேர்ந்தன. அடுத்ததாக, விற்காமல் மிஞ்சும் பழத்தின் சுளையை எடுத்து உறைய வைக்க ஒரு ஃப்ரீசர் வேண்டும் என்றார் உரிமையாளர். அந்தக் கட்டத்தில்தான் வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள்.

சொல்லப்பட்ட குறை

"தம்பி, ஒன்றரை, ரெண்டு மணிக்கெல்லாம் அது கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிரும். எழுந்து போய் ஆஃப் பண்ணிட்டுத்தான் படுப்போம்" என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. கத்துவது இன்வெர்ட்டர். அதை அணைத்தால் கேமராவும் அணைந்துவிடும். காலையில் வெயில் ஏறியபிறகே மறுபடி போடுவார்கள். பழம் அதிகம் விழுகிற, திருடனும் வருகிற நேரத்தில் கண்காணிப்பே இல்லை.

பேட்டரியை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். மூன்றாவது முறையாகக் கடைக்குப் போனபோது, இருக்கிற இரண்டோடு இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தால் விடியும்வரை தாங்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளரும் அதே மனநிலையில்தான் இருந்தார். "பேனலும் ரெண்டு கூடப் போட்டுட்டா முடிஞ்சிரும்ல தம்பி?" என்றார். "ஐயா, முதல்ல அளந்து பார்த்துடுவோம். எதை வாங்குறதுன்னு அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். இந்த வேலை சரியாக அமைந்ததற்கு அவருடைய அந்தப் பொறுமை ஒரு முக்கியக் காரணம்.

அளந்ததில் தெரிந்தவை

முதலில் செலவுக் கணக்கு. காற்றாடி 45 வாட், இரவில் எட்டு மணி நேரம் ஓடும். விளக்குகள் மூன்றும் சேர்த்து 27 வாட், ஐந்து மணி நேரம். இவைதான் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாவம், காற்றாடியைச் சிக்கனமாகப் போட்டுப் புழுக்கத்தில் படுத்திருக்கிறார்கள். உண்மையில் ரவுட்டரும் கேமராக்களும் சேர்ந்து வெறும் 20 வாட்தான் இழுத்தன, ஆனால் 24 மணி நேரமும் இழுத்தன. நாளுக்கு 0.48 யூனிட். எதையும் இயக்காமல் சும்மா ஆனில் இருப்பதற்கே இன்வெர்ட்டர் 10 வாட் எடுத்தது, அது 0.24 யூனிட். கைப்பேசி, ரேடியோ எல்லாம் சேர்த்து ஒரு நாள் முழுத் தேவை 1.28 யூனிட் என்றால், அதில் பாதிக்கு மேல் யார் கண்ணிலும் படாத இந்த இரண்டுக்கும் போனது.

வரவு அதற்குப் பக்கத்திலேயே இல்லை. நல்ல வெயில் நாளில்கூட பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது முக்கால் யூனிட்டை எட்டுவதே பெரிதாக இருந்தது. ஒவ்வொரு இரவும் இடையில் அணைந்துதான் வரவும் செலவும் நேராகிக்கொண்டிருந்தன.

300 வாட் பேனல் இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே நிலை பல தோட்ட வீடுகளில் இருக்கிறது, யாரும் அந்த இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பதில்லை.

கூரையிலிருந்து பேட்டரி அறைவரை 18 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழுத்திருந்தார்கள். அந்தத் தடிமனுள்ள செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லி ஓம். போகவர 36 மீட்டருக்கு 0.27 ஓம். நடுப்பகல் வெயிலில் கிளாம்ப் மீட்டர் 8 ஆம்ப் காட்டியது. பேனல் முனையில் 16 வோல்ட், கண்ட்ரோலர் முனையில் 13.8 வோல்ட். நடுவில் 2.2 வோல்ட் வயரிலேயே சூடாகிப் போய்விட்டது.

12 வோல்ட் அமைப்பில் 2 வோல்ட் என்பது பெரிய தொகை. ஈய பேட்டரி முழுமையாக நிரம்ப 14.4 வோல்ட் வரை ஏறி, அங்கே சில மணி நேரம் நிற்க வேண்டும். பேனல் 18 வோல்ட் என்று அட்டையில் போட்டிருப்பது 25 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு. தகரக் கூரைமேல் நம் ஊர் வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொடும். அப்போது அதன் சிறந்த இயங்கு வோல்ட் 15க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பேட்டரி 14.4 கேட்கிறது, வயர் 2க்கு மேல் தின்கிறது, பேனலிடம் இருப்பது 15. கணக்கு எப்படியும் இடிக்கும். அதனால் ஆம்ப் குறைந்து, பேட்டரி 13.8ஐத் தாண்டாமலே மாலை ஆகிவிடும். நாள்தோறும் அரைகுறையாக நிரம்பும் ஈய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் படியும், கொள்ளளவு சுருங்கிக்கொண்டே வரும். இரண்டு முறை மாற்றிய பேட்டரிகளும் இப்படித்தான் வீணாகியிருக்க வேண்டும். இந்த நிலையில் இன்னும் இரண்டு பேட்டரி சேர்ப்பது, வருமானம் கூடாமல் இன்னொரு வங்கிக் கணக்கு திறப்பது போன்றது.

அடுத்தது நிழல். தோட்டத்துக்குக் கிழக்கே மலை. மலேசியக் கடிகாரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றே கால் மணியளவில்தான். 1982 முதல் தீபகற்பம் அரை மணி முன்னே போன நேரத்தைப் பின்பற்றுவதும் அதற்கு ஒரு காரணம். மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வீட்டுக் கூரையைத் தொடும்போது ஒன்பதரை ஆகிவிடுகிறது. மூன்றரைக்கு மேல் ஒரு டுரியான் மரத்தின் நிழல் ஒரு பேனலை மூடிவிடுகிறது. 2017இல் அந்தக் கிளை அவ்வளவு நீண்டிருக்கவில்லை.

பேட்டரி அறை கூரையை ஒட்டிய சிறு மூலை. பிற்பகலில் அங்கே 42 டிகிரி காட்டியது. ஈய பேட்டரியைப் பொறுத்தவரை வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது வேறு. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஃபியூஸே இல்லை. முனையை ஒட்டிய இடத்தில் வயரின் தோல் பழுப்பேறி, விரலால் தொட்டதும் பொடிந்தது. பலகைச் சுவர் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அன்றைக்கே அந்த வயரை மாற்றி ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன். மற்றவை காத்திருக்கலாம், அது காத்திருக்க முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டுரியான் கிளையை வெட்டலாமா என்ற பேச்சு வந்தது. காய்க்கிற மரம், வெட்டக் கூடாது என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பேனலைத்தான் நகர்த்த வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திறந்த இடம் இருந்தது, மாலைவரை நிழல் விழாது. ஆனால் வீட்டிலிருந்து 40 மீட்டர். 12 வோல்ட்டில் அவ்வளவு தூரம் இழுப்பதை நினைத்தே பார்க்க முடியாது.

இந்தத் தூரம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. 430 வாட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தோம். இயங்கு வோல்ட் 97, ஆம்ப் 13. போகவர 80 மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள். அதன் மின்தடையும் கிட்டத்தட்ட அதே 0.27 ஓம். முழு வெயிலில் வயரில் போவது 3.5 வோல்ட். பழைய அமைப்பைவிட அதிகம்தான், ஆனால் 97இல் 3.5 போனால் யாருக்கும் தெரியாது. உயர்ந்த வோல்ட்டை வாங்கி பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கித் தர எம்.பி.பி.டி. கண்ட்ரோலர், 150 வோல்ட் 60 ஆம்ப். தொடரின் திறந்த சுற்று வோல்ட், அதாவது மின்சாரம் எதுவும் இழுக்காதபோது இருக்கும் வோல்ட், 117. குளிர்நாடுகளில் காலைக் குளிரில் இது வெகுவாக ஏறும் என்று கூடுதல் இடைவெளி விடுவார்கள். பினாங்கில் அந்தக் கவலை அதிகம் இல்லை.

பேனல் சரிவு 10 டிகிரி, முகம் மேற்கே. 5 டிகிரி அட்சரேகையில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதி வடக்கிலும் மறுபகுதி தெற்கிலுமாக உச்சியைக் கடப்பதால் வடக்கா தெற்கா என்பது பெரிய விஷயம் இல்லை. காலை வெயிலை மலை மறைத்துவிடுவதால் பிற்பகல் வெயிலுக்குச் சாதகமாக வைத்தோம். மழைநீர் அழுக்கைக் கழுவிக்கொண்டு ஓடவும் சரிவு வேண்டும்.

பேட்டரி 24 வோல்ட் 200 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 5.1 யூனிட். இதில் 80 விழுக்காட்டைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. பாதி அளவு பேட்டரி போதாதா என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. ஓர் இரவுக்குப் போதும். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை மூட்டம் சாதாரணம். அந்த இரண்டு நாளைத் தாங்க வேண்டும் என்றால் இந்த அளவு வேண்டும்.

ஃப்ரீசர் விஷயத்தில்தான் நீண்ட பேச்சு நடந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீசர் விலை குறைவு. ஆனால் அதற்காக இன்வெர்ட்டர் இரவு பகல் ஓட வேண்டும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு ஆம்ப் இழுக்கும். 24 வோல்ட்டில் நேராக ஓடும் டி.சி. ஃப்ரீசர் விலை கூடுதல், செலவு நாளுக்கு 0.6 யூனிட் அளவில். டி.சி. ஃப்ரீசரையே எடுத்தோம். கேமராவையும் ரவுட்டரையும் 24இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வர்ட்டரில் நேராக இணைத்தோம். விளக்கும் காற்றாடியும் 24 வோல்ட் டி.சி. ஆயின. இனி இன்வெர்ட்டர் மிக்ஸிக்கும் துளையிடும் மெஷினுக்கும் மட்டும்தான், வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். ஒரு நாள் தேவை இழப்பு உட்பட 1.8 யூனிட் என்று கணக்கிட்டோம். மலை மறைக்கும் நேரத்தைக் கழித்து மூன்று மணி நேர முழு வெயில் என்று வைத்தாலும் இழப்பு போக மூன்று பேனலும் 2.9 யூனிட் தரும். மீதம் இருப்பது மழை நாளுக்காக.

பொருத்தும்போது கவனித்தவை

பேட்டரியைக் கூரை மூலையிலிருந்து வீட்டின் நிழலான வடக்குப் பக்கத்தில் காற்றோட்டமுள்ள பெட்டிக்கு மாற்றினோம். பிளஸ் முனையை ஒட்டியே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடப்பட்டது. லித்தியம் பேட்டரி குறுக்குச் சுற்றில் தள்ளும் மின்னோட்டத்தைச் சாதாரண ஃபியூஸ் பாதுகாப்பாக அறுக்கும் என்று நம்ப முடியாது. கண்ட்ரோலரில் சார்ஜ் 28.4 வோல்ட், நிரம்பியபின் நிறுத்தி வைக்கும் ஃப்ளோட் 27. ஈய பேட்டரிக்கு உரிய ஈக்குவலைஸ் (கூடுதல் வோல்ட்டில் செல்களைச் சமப்படுத்துவது), வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றும் வசதி இரண்டையும் அணைத்தோம். கேபிள் முழுவதும் தடித்த குழாய்க்குள் மண்ணுக்கு அடியில் போகிறது, அந்தப் பக்கம் குரங்குகள் அதிகம்.

மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் வெளிவரும் இரண்டு கம்பிகளும் தரையோடு தொடர்பில்லாமல் மிதக்கும். அந்த நிலையில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. மாட்டினாலும், ஒருவர் மின்கம்பியைத் தொடும்போது அது விழாமல் போகலாம். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் விழும், ஏனென்றால் அந்தப் பொத்தானின் சுற்று தரையை நம்பி இல்லை. பொத்தானை நம்பி நிம்மதியாக இருப்பது ஆபத்து. நியூட்ரலை ஒரே இடத்தில் தரையோடு இணைக்க அனுமதிக்கும் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கி, தரைக்கம்பி அடித்து, டெஸ்ட்டர் வைத்துச் சோதித்தபின்தான் ஒப்படைத்தோம்.

பிறகு நடந்தது

முதல் பழ சீசன் முழுவதும் கேமரா ஒரு இரவுகூட அணையவில்லை. பெரும்பாலான நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குள் பேட்டரி நிரம்பியது. மின்னலில் ஒருமுறை மின்னெழுச்சிக் காப்புக் கருவியின் பச்சை அடையாளம் சிவப்பானது, மாற்றினோம். மற்றவற்றுக்குச் சேதம் இல்லை. மீனும் கறியும் வாங்க வாரத்தில் பல முறை கீழே இறங்கிய அண்ணன் (அக்காவின் கணவர்) இப்போது ஒருமுறை இறங்குகிறார்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு விடியற்காலை எல்லாம் ஒன்றாக அணைந்தது. ஆனால் அதற்குச் சற்று முன், பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஷண்ட் மீட்டர் 48 விழுக்காடு காட்டியதாக அக்கா சொன்னார். லித்தியம் பேட்டரியின் வோல்ட் நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பதால், மிச்சத்தை வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே போவதையும் வெளியே போவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர்தான் கண். அதுவே பொய் சொன்னால்?

காரணம் மைனஸ் பக்கத்தில் இருந்தது. சீசன் முடிந்தபின் ரவுட்டரை மாற்ற வந்த கேமரா தொழில்நுட்பர், கன்வர்ட்டரின் மைனஸ் வயரை வசதிக்காக நேராக பேட்டரி முனையிலேயே மாட்டியிருந்தார். அந்த மின்னோட்டம் மைனஸ் பாதையில் உள்ள ஷண்ட் என்ற அளவெடுக்கும் துண்டின் வழியாகப் போகவில்லை, மீட்டர் அதை எண்ணவில்லை. 18 வாட், நாளுக்கு 0.43 யூனிட். வெயில் நாளில் பேட்டரி முழுதாக நிரம்பும்போது மீட்டர் தானே 100க்குத் திரும்பிவிடும், அதனால் பிழை மறைந்தே இருந்தது. மழையில் ஐந்தாறு நாள் நிரம்பாமல் போனபோது எண்ணாத யூனிட் 2 தாண்டிச் சேர்ந்துவிட்டது. 5.1 யூனிட் பேட்டரியில் அது 40 விழுக்காட்டுக்கும் மேல். மீட்டர் 48 காட்டிய நேரத்தில் பேட்டரி அடிமட்டத்தில் இருந்திருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றான பி.எம்.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்து, செல்களைக் காக்க இணைப்பைத் துண்டித்தது. பத்து மணிக்கு மேல் மேகத்தின் ஊடே வந்த வெளிச்சத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் தானாக மீண்டது. மூடி திறக்காமல் இருந்ததால் ஃப்ரீசரில் இருந்த சுளை உருகவில்லை.

வயரை ஷண்டின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். பேட்டரியின் மைனஸ் முனையில் ஷண்டைத் தவிர வேறு எதுவும் மாட்ட முடியாதபடி மூடி போட்டு, தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

இப்போது செய்வதாக இருந்தால்

இணைப்பைத் துண்டிக்கும் வேலையை பி.எம்.எஸ்.இடம் விடாமல், அதற்கு முன்பே வரிசைப்படி அணைக்க ஏற்பாடு வேண்டும். 30 விழுக்காட்டில் ஃப்ரீசர் முதலில் போகட்டும், மூடி வைத்த ஃப்ரீசர் ஓர் இரவு தாங்கும். கேமராவும் ஒரு விளக்கும் கடைசிவரை இருக்க வேண்டும். கண்ட்ரோலரில் இருக்கும் ரிலேயை (தானாக இயங்கும் சுவிட்ச்) கொண்டே இதைச் செய்யலாம். அந்த வேலைக்கு உரிமையாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

பேனல் சரிவை 15 டிகிரி ஆக்கலாம் என்பது அண்ணனின் யோசனை. மழை சேற்றைக் கழுவிவிடுகிறது, ஆனால் ஈர இலை கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை செல்லை மறைக்கிறது என்று அவர் கவனித்திருக்கிறார். சட்டத்தின் பின்கால்களை உயர்த்தினால் போதும், மழைக்காலம் முடிந்ததும் செய்வதாக இருக்கிறோம். அதுவரை வாரம் ஒருமுறை நீண்ட குச்சித் துடைப்பத்தால் அவரே தள்ளிவிடுகிறார்.

மழை தொடர்ந்தால் கைகொடுக்க ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரும் 24 வோல்ட் லித்தியம் சார்ஜரும் அடுத்த பட்டியலில் உள்ளன. சார்ஜருக்கான ஃபியூஸையும் வயரையும் முன்கூட்டியே இழுத்து வைத்தாயிற்று, அதன் மைனஸ் வயர் ஷண்டின் சரியான பக்கத்தில் இருக்கிறது.